அக்காவுக்கு வாசித்த புத்தகமும் மராகேஷ் உடன்படிக்கையும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியான இந்த வாரக் கடைசியில முடிச்சே தீரணும்னு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க மக்களே.

மொதல்ல ஒரு கொசுவத்தி.

2011 கோடை விடுமுறை. நான் ஒன்பதாம் வகுப்பு முடிச்சிருந்தேன். பெரியப்பா பொண்ணு அப்போ பி.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம் முடிச்சிருந்தா. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிக்கூடம் வரைக்கும் பாடப்புத்தகமாவது பிரெய்ல்ல கிடைச்சுது. காலேஜுக்குப் போனதும் அதுவும் நின்னு போச்சு. யாராவது வாசிச்சுக் காட்டினாத்தான் உண்டு. அந்த லீவுல அந்த 'யாராவது' அடியேன்.

ஐந்நூறு பக்கத்துக்கு மேல இருக்கும் அந்தப் புத்தகம். ஐரோப்பிய வரலாறு, இங்கிலீஷ்ல. பெரியப்பாவோட நோக்கியா போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு, எங்க தென்காசி பக்கத்து இங்கிலீஷ்ல நான் வாசிப்பேன். வெர்சாய் ஒப்பந்தத்தை 'வெர்செய்லஸ்' ஒப்பந்தம்னு வாசிச்சு வெச்சுட்டேன். வெர்சாயும் வெர்செய்லஸும் வேற வேற ஊருன்னு அக்கா ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தாளாம் :-)

முதல் நாள் நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒரு வரி விடாம வாசிக்கணும்ங்கிற பொறுப்புல, அட்டைக்கு அடுத்து இருக்குமே காப்புரிமைப் பக்கம், அதையும் வாசிக்க ஆரம்பிச்சேன். இந்தப் புத்தகத்தின் எந்தப் பகுதியையும் அனுமதி இல்லாம நகல் எடுக்கக் கூடாது, சேமிக்கக் கூடாது, ஒலிப்பதிவு செய்யக் கூடாதுன்னு போகும் இல்லையா? அதைத்தான் ஒலிப்பதிவு செஞ்சுட்டு இருந்தோம்.

"நிறுத்துலே" அப்படின்னா அக்கா. "அப்போ நாம இப்பப் பண்ணிட்டு இருக்கது திருட்டாலே?"

"யாருக்குக்கா தெரியப் போவுது" அப்படின்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். அது பதில் இல்லைன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரெண்டு வாரம் கழிச்சு, அதே புத்தகம் வெளிநாட்டுல பார்வையற்றோருக்கான ஒரு நூலகத்துல ஒலிநூலா இருக்குன்னு அவளுக்குத் தெரிய வந்தது. மின்னஞ்சல் அனுப்பினோம். ரொம்ப மரியாதையா பதில் வந்தது. எங்க நாட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் தர முடியும், வெளிநாட்டுக்கு அனுப்ப எங்க காப்புரிமைச் சட்டத்துல இடம் இல்லை, மன்னிக்கவும். அவ்வளவுதான். பதிவு செஞ்ச புத்தகம் அங்க தயாரா இருக்கு. கேக்கறதுக்குக் காது இங்க இருக்கு. நடுவுல ஒரு கோடு.

அந்தக் கோடு எப்படி வந்ததுன்னு பின்னாடி பல வருஷம் கழிச்சுத்தான் தேடிப் படிச்சேன். பொட்டி தட்டுறவன் சட்ட வரலாறு எழுதறானேன்னு சிரிக்காதீங்க. கதை நிஜமாவே சுவாரஸ்யமானது.

இங்கிலாந்தில் 1710ல், ஆன் ராணி காலத்தில் வந்த சட்டத்திலிருந்துதான் பொதுவா இந்தக் கதையை ஆரம்பிப்பாங்க. எழுத்தாளருக்கு 14 வருஷம் உரிமை. அது முடியும்போது அவர் உயிரோட இருந்தா இன்னும் 14 வருஷம். ஆனா அந்த உரிமை அந்த நாட்டுக் கடற்கரையோட சரி. மத்த நாடுகள்ல இப்படிச் சட்டம் வந்தப்பவும் இதே கதைதான். ஒரு நாட்டு எழுத்தாளர் இன்னொரு நாட்டுல அநாதை.

அதனால ஒரு பெரிய தொழிலே நடந்தது. பாரிஸ்ல வெளியாகிற பிரெஞ்சுப் புத்தகத்தை பெல்ஜியத்துல மலிவு விலைக்கு மறுபதிப்பு போட்டு உலகம் பூரா வித்தாங்க. 1852ல் பிரான்சும் பெல்ஜியமும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது அடங்குச்சு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. இங்கிலாந்துப் புத்தகம் எது கப்பல்ல வந்து இறங்கினாலும் உடனே அச்சு கோத்துடுவாங்க. எழுதினவருக்குச் சல்லிக்காசு கிடையாது. சட்டப்படி அது குற்றமும் கிடையாது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1842ல் அமெரிக்கா போனப்போ ராஜ மரியாதை கொடுத்தாங்க. பாஸ்டன்லயும் ஹார்ட்ஃபோர்டுலயும் விருந்து. எழுந்து பேசினவர், சர்வதேசக் காப்புரிமை வேணும்னு ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடிச்சுக்கிச்சு. விருந்துக்கு வந்த இடத்துல காசு கேக்கிறாரு, பேராசைக்காரர்னு திட்டினாங்க. ஊருக்குத் திரும்பி அந்தப் பயணத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகமும் அதே வருஷம் அமெரிக்காவுல காசு கொடுக்காம அச்சாச்சு.

பைரசிங்கிறது ஏழை நாட்டுக்காரங்க புத்தின்னு யாராவது இனிமே சொன்னா, இந்தக் கதையை எடுத்து விடுங்க.

இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு 1878ல் பாரிஸ்ல ஒரு சர்வதேச இலக்கிய மாநாடு கூட்டினாங்க. தலைமை விக்டர் ஹ்யூகோ. அந்தக் கூட்டத்துலதான் எழுத்தாளர்களுக்கான சர்வதேச சங்கம் பிறந்தது. ஹ்யூகோ அங்க பேசினதோட சாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத்தாளர் உரிமைக்காகக் கடுமையா வாதாடிட்டு, கடைசியில, எழுத்தாளர் உரிமை, பொதுமக்கள் உரிமை இந்த ரெண்டுல ஒண்ணை விட்டே ஆகணும்னா எழுத்தாளர் உரிமையைத்தான் விடணும்னு சொன்னார். இந்த ரெண்டாவது பாதியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஹ்யூகோ 1885ல் காலமானார். மறுவருஷம், 1886 செப்டம்பர் 9ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 10 நாடுகள் கையெழுத்து போட்டன. பெர்ன் உடன்படிக்கைன்னு இன்னைக்கும் சொல்றது இதைத்தான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியோட ஹைட்டி, லைபீரியா, துனிசியாவும் அந்தப் பத்துல இருந்தாங்க. பிரிட்டன் உள்ளே வரும்போது காலனிகளையும் கையோட கூட்டிட்டு வந்தது. இந்தியாவுக்குள்ள சர்வதேசக் காப்புரிமை வந்தது அப்படித்தான். நம்மகிட்ட யாரும் கேக்கல.

விதி எளிமையானது. உங்க எழுத்தாளருக்கு நீங்க என்ன பாதுகாப்பு கொடுக்கறீங்களோ, அதே பாதுகாப்பை மத்த உறுப்பு நாட்டு எழுத்தாளருக்கும் கொடுக்கணும். 1908ல் பெர்லின்ல திருத்தினப்போ, பதிவு பண்ணணும், முத்திரை போடணும்ங்கிற சடங்கெல்லாம் வேண்டாம்னு ஆக்கினாங்க. எழுதினாலே உரிமை. இப்போ நீங்க பதிவு எழுதி பப்ளிஷ் பட்டனை அமுக்கின உடனே நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள்ல உங்களுக்குக் காப்புரிமை இருக்குன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

இங்கதான் நான் சொன்ன கோடு வருது. பெர்ன் உடன்படிக்கை உரிமையை நாடு தாண்ட வெச்சது. ஆனா விதிவிலக்குகள், அதாவது யார் எப்போ அனுமதி இல்லாம நகல் எடுக்கலாம்ங்கிறது, பெரும்பாலும் அந்தந்த நாட்டு விருப்பம்னு விட்டுட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா உரிமை குளோபல் வேரியபிள், விலக்கு லோக்கல் வேரியபிள். ஒரு நாட்டுச் சட்டம் பார்வையற்றோருக்காக ஒலிநூல் செய்ய விலக்கு கொடுக்கலாம். ஆனா அந்த விலக்கு அந்த நாட்டு எல்லைக்குள்ளதான். அக்காவுக்கு வந்த மின்னஞ்சல்ல இருந்தது இதுதான்.

அமெரிக்கா என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? பெர்ன்ல வந்து வேடிக்கை பார்த்துட்டுப் போயிட்டாங்க. 1891ல்தான் வெளிநாட்டு எழுத்தாளருக்கு உரிமை கொடுத்தாங்க, அதுவும் புத்தகத்தை அமெரிக்காவுலயே அச்சு கோக்கணும்ங்கிற நிபந்தனையோட. பெர்ன் உடன்படிக்கையில அவங்க சேர்ந்தது 1989 மார்ச் 1. கையெழுத்தாகி நூத்தி ரெண்டு வருஷம் கழிச்சு! தங்களுக்குன்னு ஒரு பெரிய பதிப்புத் துறையும் ஹாலிவுட்டும் மென்பொருளும் வந்த பிறகு.

அதுக்கு நடுவுல நம்ம பக்கத்துல ஒரு முயற்சி நடந்தது, அதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. 1960கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதுசா விடுதலை அடைஞ்ச நாடுகள். பள்ளிக்கூடம் திறக்கறாங்க, புத்தகம் இல்லை. 1967ல் ஸ்டாக்ஹோம்ல பெர்ன் உடன்படிக்கையைத் திருத்தக் கூடினப்போ, வளரும் நாடுகள் கல்விக்காகச் சலுகையோட மொழிபெயர்க்கவும் மறுபதிப்பு போடவும் வழி வேணும்னு கேட்டாங்க. முன்னால நின்னது இந்தியா. சலுகைகளோட ஒரு நெறிமுறையும் நிறைவேறிச்சு. ஆனா பணக்கார நாட்டுப் பதிப்பாளர்கள், முக்கியமா பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கொதிச்சாங்க. அந்த நாடுகள் அதை ஏத்துக்கவே இல்லை.

நாலு வருஷம் கழிச்சு 1971ல் பாரிஸ்ல ஒரு சமரசம். உடன்படிக்கையோட ஒரு பிற்சேர்க்கை ஒட்டினாங்க. படிச்சுப் பார்த்தா தலை சுத்தும். மொழிபெயர்க்க உரிமம் வேணுமா? புத்தகம் வெளியாகி மூணு வருஷம் காத்திருக்கணும், வளர்ந்த நாடுகள்ல பொதுவா புழங்காத மொழின்னா ஒரு வருஷம். மறுபதிப்புக்கு அஞ்சு வருஷம், அறிவியல் நூல்னா மூணு, கதை கவிதைன்னா ஏழு. மொதல்ல உரிமையாளரைத் தேடிக் கேட்கணும், கிடைக்கலைன்னா விண்ணப்பம், அதுக்கு மேல இன்னும் சில மாசம். இவ்வளவும் பண்ணி அச்சடிச்ச புத்தகத்தைப் பொதுவா வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நம்ம நாடாளுமன்றம் 1983ல் இதைச் சட்டத்துல சேர்த்தது. ஆனா உலகம் முழுக்கவே இந்தக் கதவு வழியா உள்ள போன புத்தகங்கள் ரொம்பக் கம்மி. கதவு இருந்தது. ஆளில்லை.

அடுத்தது 1994 ஏப்ரல் 15. மொராக்கோவில் மராகேஷ் நகரம். உலக வர்த்தக அமைப்பை உருவாக்கற ஒப்பந்தம் அங்கதான் கையெழுத்தாச்சு. அதோட ஒரு பகுதியா வந்தது டிரிப்ஸ். பெர்ன் உடன்படிக்கையை மீறினா அதுவரைக்கும் யாரும் பெருசா எதுவும் பண்ண முடியாது. டிரிப்ஸ் வந்த பிறகு ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல வழக்கு போடலாம், ஜெயிச்சா வர்த்தகத் தடை வரைக்கும் போகலாம். டிக்கன்ஸைத் திட்டின நாடுதான் இதுக்கு முன்வரிசையில நின்னது. காலம்!

ஆக 1886லிருந்து 1994 வரைக்கும் கிட்டத்தட்ட எல்லா ஒத்துழைப்பும் உரிமையாளரைப் பார்த்தே போச்சு. ஹ்யூகோவோட பேச்சுல முதல் பாதி சட்டமாச்சு. ரெண்டாவது பாதியை யாரும் எடுத்துக்கல.

பார்வையற்ற வாசகர்களுக்காக ஒரு சர்வதேச ஏற்பாடு வேணும்ங்கிற பேச்சு 1980கள்லயே ஐ.நா. அமைப்புகளுக்குள்ள வந்துடுச்சு. 1985ல் ஒரு அறிக்கையும் வந்தது. அப்புறம் அது ஃபைல்ல தூங்குச்சு. இந்தப் பக்கம் என்ன நிலைமைன்னா, உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சொன்ன கணக்குப்படி வெளியாகிற நூறு புத்தகத்துல ஒண்ணுலேர்ந்து ஏழு புத்தகம் வரைக்கும்தான் அவங்க படிக்கிற வடிவத்துல கிடைக்கும். அந்தக் கொஞ்சத்துலயும் வீண்வேலை. ரெண்டாவது ஹாரி பாட்டர் புத்தகத்துக்கு ஆங்கிலம் பேசற நாடுகள்ல மட்டும் 5 பிரெய்ல் மூலப்படிகளும் 8 ஒலிநூல் மூலப்படிகளும் தனித்தனியா செஞ்சாங்களாம். எல்லாம் ஒரே புத்தகம். ஒருத்தர் செஞ்சதை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கச் சட்டத்துல வழி இல்லை. கோட் ரீயூஸ் பத்தி கிளாஸ் எடுக்கற நமக்கு நெஞ்சு வலிக்குமா இல்லையா?

2009ல் பிரேசில், ஈக்வடார், பராகுவே மூணு நாடும் உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் எழுதிக் கொடுத்த வரைவை ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்து அமைப்பில், மேசையில் வெச்சாங்க. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாயம் இல்லாத ஒரு பரிந்துரை போதும்னு ஆரம்பத்துல இழுத்தாங்க. பதிப்பாளர்களுக்கும் சினிமா நிறுவனங்களுக்கும் ஒரே பயம். இன்னைக்கு இவங்களுக்கு விலக்கு கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே! பாடகர் ஸ்டீவி வொண்டர் 2010ல் நேர்ல வந்து பேசினார். முடிச்சுக் கொடுங்க, வந்து பாடறேன்னு பின்னாடி வாக்கும் கொடுத்தார்.

நம்ம ஊர்ல இதுக்காக உழைச்சவர்கள்ல ஒருத்தரை அவசியம் சொல்லணும். சென்னையிலிருந்து இயங்கின வழக்கறிஞர் ராகுல் செரியன். அவரும் மாற்றுத்திறனாளி. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை 2012ல் திருத்தினப்போ மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு வந்ததுல அவரோட பங்கு பெருசு. ஜெனீவா பேச்சுவார்த்தைகளுக்கும் போனவர். 2013 பிப்ரவரியில் காலமாயிட்டார். உடன்படிக்கை நிறைவேறினதைப் பார்க்க அவர் இல்லை. இன்னும் நாலே மாசம்தான் இருந்தது.

2013 ஜூன் 27. இடம், மறுபடியும் அதே மராகேஷ். 1994ல் எந்த ஊர்ல உரிமையாளருக்குப் பல் முளைச்சதோ, அதே ஊர்ல வாசகருக்குன்னு ஒரு உடன்படிக்கை நிறைவேறிச்சு. பார்வையற்றோர், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், டிஸ்லெக்சியா மாதிரி வாசிப்புச் சிக்கல் உள்ளவர்கள், புத்தகத்தைக் கையில பிடிக்க முடியாதவர்கள், இவங்களுக்காக அனுமதி கேக்காமலேயே நூலை மாத்து வடிவத்துல செய்யலாம்னு ஒவ்வொரு உறுப்பு நாடும் சட்டம் போடணும். முக்கியமா, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் அந்தப் பிரதியை எல்லை தாண்டி அனுப்பலாம். லோக்கல் வேரியபிளை குளோபலா ஆக்கிட்டாங்க. மறுநாள் ஸ்டீவி வொண்டர் சொன்ன மாதிரியே வந்து பாடினார்.

இதை முதல்ல ஏற்புறுதி செஞ்ச நாடு இந்தியா, 2014 ஜூனில். 1886ல் நம்மகிட்ட கேக்காமலேயே நம்மை உள்ள இழுத்தாங்க. இந்தத் தடவை நாம முதல் ஆளாப் போய் நின்னோம். இருபதாவது நாடா கனடா சேர்ந்ததும், 2016 செப்டம்பர் 30ல் அமலுக்கு வந்தது. அந்த முதல் இருபதுல சிங்கப்பூர் இருக்கு. தென்கொரியா, வடகொரியா ரெண்டும் இருக்கு! அமெரிக்கா 2019ல் சேர்ந்தது. இந்தத் தடவை நூறு வருஷம் எடுத்துக்கல, அதுவரைக்கும் சந்தோஷம்.

குறை இல்லாம இல்லை. சினிமாவை வெளியில விட்டுட்டாங்க. காது கேளாதவர்களுக்கு இதுல எதுவும் கிடையாது. ஆனா எனக்குப் பெரிய குறையாப் படறது உடன்படிக்கையில இல்லை, நம்மகிட்ட இருக்கு.

அக்கா இப்போ அரசு மேல்நிலைப் பள்ளியில வரலாறு டீச்சர். இங்கிலீஷ் புத்தகம் இப்போ அவளுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. 2016ல் தொடங்கின சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் இருக்கு, வெளிநாட்டு நூலகங்களோட இணைப்பு இருக்கு. தமிழ்ப் புத்தகம்? போன வருஷம் ஒரு நாவல் பேரைச் சொல்லி எங்கயாவது கிடைக்குமான்னு கேட்டா. தேடினேன். சென்னையில இல்லை, சிங்கப்பூர்ல இல்லை, எங்கயும் இல்லை. எல்லை தாண்டறதுக்குச் சட்டம் தயாரா இருக்கு. தாண்டறதுக்குப் பிரதிதான் இல்லை. உடன்படிக்கை கதவைத்தான் திறக்கும், புத்தகத்தைச் செஞ்சு கொடுக்காது. 1971 பிற்சேர்க்கையோட கதை தமிழுக்கு மட்டும் மறுபடியும் நடந்துடுமோன்னு பயமா இருக்கு.

ஸ்கேன் பண்ணி எழுத்துணரியில போட்டுப் பார்த்தேன். மனம் மணம் ஆச்சு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வெச்ச லை, னை எல்லாம் என்னென்னவோ ஆச்சு. கடைசியில பதிப்பாளரையே கேட்டேன். நல்ல மனுஷர், அச்சுக்குப் போன கோப்பை அப்படியே அனுப்பிட்டார். திறந்து பார்த்தா பழைய எழுத்துரு, யுனிகோடு இல்லை. கண்ணுக்குத் தமிழ். திரைவாசிப்பான் வாசிச்சா வெறும் கண்ட எழுத்து. கொம்பு எழுத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கும், அதைப் பின்னாடி தள்ளணும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ரெண்டு வாரக் கடைசியில மாத்தி, பிழை திருத்திக் கொடுத்தேன். ஸ்கேன் பண்ணியிருந்தா ரெண்டு மாசம் ஆகியிருக்கும்.

இதை ஏன் இங்க சொல்றேன்னா, இதைப் படிக்கற உங்கள்ல பல பேர் புத்தகம் போட்டிருக்கீங்க. நம்ம சட்டப்படி உங்க அனுமதி இல்லாமலேயே மாத்து வடிவம் செய்யலாம். ஆனா உங்க கோப்பு கிடைச்சா மாசக்கணக்கு வேலை நாள்கணக்குல முடியும். அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர்கிட்ட பேசும்போது யுனிகோடு பிரதி ஒண்ணை நீங்களும் வாங்கி வெச்சுக்குங்க. யாராவது கேட்டா கொடுங்க. மாத்தித் தர ஆள் வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க, ஸ்கிரிப்ட் என்கிட்ட இருக்கு.

டிஸ்கி: இதை எழுதறதுக்கு முன்னாடி அக்காவுக்கு போன் பண்ணி, 2012ல் வந்த சட்டப் பிரிவை வாசிச்சுக் காட்டினேன். மாற்றுத்திறனாளி படிக்கறதுக்காக யார் வேணா மாத்து வடிவத்துல நகல் செய்யலாம், பகிரலாம்னு அதுல இருக்கு. "அன்னிக்கு நீ கேட்டியே, திருட்டாலேன்னு. இல்லக்கா" அப்படின்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா: "சரிலே. அப்போ அந்த வெர்செய்லஸ் கேசுக்கு என்ன தண்டனை?"